மார்பகக் கட்டி: அஞ்சவும் வேண்டா, மறைக்கவும் வேண்டா

குளிக்கும்போதோ உடை மாற்றும்போதோ மார்பகத்தில் கட்டி போன்ற ஒன்று கைக்குத் தட்டுப்பட்டால், பெண்களின் மனம் முதலில் எண்ணுவது புற்றுநோயைத்தான். அந்த அச்சத்தால் சிலர் உடனே மருத்துவமனைக்கு விரைகின்றனர். வேறு சிலரோ, அதே அச்சத்தாலும் கூச்சத்தாலும், கணவரிடமும் தாயிடமும்கூடச் சொல்லாமல் மாதக்கணக்கில் மறைத்து வைக்கின்றனர். இவ்விரு சாராரும் அறிய வேண்டிய செய்திகள் இரண்டு. மார்பகத்தில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பது ஒன்று. எந்தக் கட்டி தீங்கற்றது என்பதை வீட்டிலேயே தடவிப் பார்த்து முடிவு செய்ய இயலாது என்பது மற்றொன்று.

நோயன்று, மாற்றமே

தீங்கற்ற மார்பக மாற்றங்களுள் மிகப் பரவலாகக் காணப்படுவது ‘ஃபைப்ரோசிஸ்டிக் மாற்றம்’ ஆகும். மார்பகத்தின் நார்த்திசு ஆங்காங்கே தடிப்பதும், நீர் நிறைந்த சிறு பைகள் தோன்றுவதும் சேர்ந்த நிலை இது. 30 முதல் 50 வயது வரையுள்ள பெண்களிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது.

முற்கால மருத்துவ நூல்கள் இதனை ‘நோய்’ என்றே குறித்தன. 1982-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் சூசன் லவ்வும் அவருடைய சக ஆய்வாளர்களும் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எழுதிய கட்டுரை, இத்தனை பெண்களிடம் காணப்படும் ஒன்றை நோய் என்பது தகுமா என்று வினவியது. இன்று ‘மாற்றம்’ என்ற சொல்லே வழக்கில் நிலைபெற்றுள்ளது.

எவ்வாறு உண்டாகிறது?

ஒவ்வொரு மார்பகத்திலும் பால் சுரப்பதற்குரிய 15 முதல் 20 மடல்கள் உள்ளன. சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்கள் மாதந்தோறும் இம்மடல்களைக் கருவுறுதலுக்கு ஏற்ப ஆயத்தப்படுத்துகின்றன. அப்போது மார்பகத்தில் நீர் கோத்து வீக்கமும் கனமும் உண்டாகின்றன. கருத்தரிக்கவில்லையெனில் ஹார்மோன்களின் அளவு குறைந்து, மாதவிலக்கு வந்து, வீக்கமும் வடிகிறது. ஆண்டுக்கணக்கில் இது திரும்பத் திரும்ப நிகழ்வதால், சில இடங்களில் நார்த்திசு தடித்து நிற்கிறது; சில நுண்குழாய்கள் விரிந்து, அவற்றில் நீர் தேங்குகிறது.

ஆகவேதான், மாதவிலக்கு வருவதற்கு ஒரு வாரம் அல்லது பத்து நாள் முன்னரே இரு மார்பகங்களும் கனத்து, தொட்டால் வலிக்கின்றன. அக்குளை ஒட்டிய மேற்பகுதியில் முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படுவதும் உண்டு. மாதவிலக்கு வந்தபின் வலி தணிகிறது. மாதவிலக்கு முற்றிலும் நின்றபின் இம்மாற்றங்களும் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன.

புற்றுநோயாக மாறுமா?

சாதாரண நார்த்தடிப்பும் நீர்க்கட்டியும் புற்றுநோயாக மாறுவதில்லை. திசுப் பரிசோதனையில் இயல்புக்கு மாறான உயிரணுப் பெருக்கம் காணப்படும் சிலருக்கு மட்டும், பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு கூடுதல். அத்தகையோர் தவறாது தொடர் பரிசோதனைக்கு வர வேண்டும். பயாப்சி அறிக்கையை எத்தனை ஆண்டுகளானாலும் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த மருத்துவருக்கு அது வழிகாட்டும்.

பரிசோதனைகள்

முதலில் மருத்துவர் கையால் சோதித்துப் பார்ப்பார். இளம் வயதில் மார்பகத் திசு அடர்ந்திருப்பதால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஏற்றது. அது நீர்க்கட்டியையும் கெட்டியான கட்டியையும் பிரித்துக் காட்டும். 40 வயதைக் கடந்தவர்களுக்கு மேமோகிராமும் எடுக்கப்படும். ஐயம் எழுந்தால் ஊசி மூலம் சிறிது திசு எடுத்துச் சோதிப்பர். வலி தரும் பெரிய நீர்க்கட்டியிலிருந்து ஊசியால் நீரை எடுத்துவிட்டால் கட்டி அமுங்கிவிடும். நீரில் இரத்தம் கலந்திருந்தாலும், கட்டி முழுவதும் மறையாவிட்டாலும் மேலும் சோதனை தேவை. ஊசி குத்தினால் கட்டி புற்றாக மாறிவிடும் என்று அஞ்சிப் பலர் இச்சோதனையைத் தவிர்க்கின்றனர். அவ்வாறு மாறுவதில்லை.

வலியைத் தணிக்க

சரியான அளவில், நன்கு தாங்கும் உள்ளாடை அணிவது முதல் மருந்து. வலி மிகுந்த நாட்களில் இரவிலும் மென்மையான உள்ளாடை அணியலாம். வெந்நீர் ஒத்தடம், குளிர்ந்த ஒத்தடம் இவற்றுள் எது இதம் தருகிறதோ அதைக் கொள்ளலாம். மருத்துவரின் அறிவுரைப்படி பாராசிட்டமால் மாத்திரையோ, மேலே தடவும் வலிநிவாரணக் களிம்போ பயன்படுத்தலாம். காபி, தேநீரைக் குறைப்பதால் சிலருக்கு வலி தணிகிறது. எனினும் எல்லோருக்கும் பயன் தரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சூடான எண்ணெய் தேய்த்துப் பிசைவதும், பற்றுப் போடுவதும் வேண்டா. கருத்தடை மாத்திரையோ ஹார்மோன் மாத்திரையோ உட்கொள்பவர்கள் அதனை மருத்துவரிடம் கூற வேண்டும்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

• மாதவிலக்கு முடிந்த பின்னும் கரையாமல் நிற்கும் புதிய கட்டி
• கல் போல் கெட்டியான, அசையாத கட்டி
• தோலில் குழி விழுதல், அல்லது தோல் ஆரஞ்சுப் பழத்தோல் போல் தடித்தல்
• காம்பு புதிதாக உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தமோ தானாக வடியும் நீரோ வருதல்
• அக்குளில் நெறிகட்டுதல்
• மாதவிலக்கு முற்றிலும் நின்றபின் தோன்றும் எந்தக் கட்டியும்

இவற்றுள் ஒன்று இருந்தாலும் வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டா. மார்பகப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. முன்பு பரிசோதித்துத் தீங்கற்றது என்று சொல்லப்பட்டவர்களும், புதிய கட்டி தோன்றினால் மீண்டும் வர வேண்டும். பழைய முடிவு புதிய கட்டிக்குப் பொருந்தாது.

குடும்பத்தாருக்கு

ஒரு பெண் இதைப் பற்றிப் பேசத் துணிவதே பெரிய செயல். “எல்லோருக்கும் இருப்பதுதான்” என்று ஒதுக்கிவிடாமலும், அழுது அவரைக் கலங்கச் செய்யாமலும், உடன் வாருங்கள். பெண் மருத்துவரோ செவிலியரோ உடனிருக்க வேண்டும் என்று கேட்பதற்குத் தயங்க வேண்டா. வீட்டு நாட்காட்டியில் மாதவிலக்குத் தொடங்கிய நாளையும் வலி இருந்த நாட்களையும் இரண்டு மாதம் குறித்து வந்தால், வலி மாதவிலக்கைச் சார்ந்ததா என்பதை மருத்துவர் எளிதில் அறிவார். ஆனால் மேலே கூறிய அறிகுறிகள் இருப்பின், குறிப்பு எழுதுவதற்காக ஒரு நாளும் காத்திராமல் வந்துவிடுங்கள்.