தொடையில் ஊன்றிய கை

இளம்பிள்ளை வாதம் நாட்டை விட்டுப் போய்விட்டது. அது விட்டுச்சென்ற கால்கள் இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன. ஒரு தசையின் வேலையை இன்னொன்றிடம் ஒப்படைத்து நடக்கும் கால்கள் அவை.

உத்தரப் பிரதேசத்தின் ஏதாவது ஒரு மாவட்டத் தலைநகரில், காலை நேரத்தில் பஸ் நிலையத்துக்கு வெளியே சற்று நின்றால் அந்த நடையைப் பார்த்துவிடலாம். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். ஒரு கால் சூம்பியிருக்கும். அந்தக் காலைத் தரையில் வைக்கும் ஒவ்வொரு முறையும் உடல் முன்னால் சாயும். கை முழங்காலுக்குச் சற்று மேலே தொடையை அழுத்தும். மறு கால் முன்னே போனதும் கை விடுபடும். அடுத்த அடியில் மறுபடி அழுத்தம். பார்ப்பவர்கள், வலி தாங்காமல் காலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்று பரிதாபப்படுவார்கள். வலி அல்ல காரணம். செயலிழந்துபோன நான்கு தசைகளின் வேலையை அந்தக் கை செய்துகொண்டிருக்கிறது.

தொடையின் முன்புறம் உள்ள இந்த நான்கையும் சேர்த்து டாக்டர்கள் குவாட்ரிசெப்ஸ் என்கிறார்கள். மூன்று தொடை எலும்பிலிருந்தும் ஒன்று இடுப்பெலும்பிலிருந்தும் புறப்பட்டு, ஒரே நாணாகத் திரண்டு, முழங்கால் சில்லைத் தமக்குள் பொதிந்துகொண்டு, கீழ்க்காலின் பெரிய எலும்பில் போய்ப் பற்றுகின்றன. முழங்காலை நீட்டுவது இவற்றின் வேலை என்று பாடப்புத்தகம் சொல்லும். அது பாதி உண்மை. நடக்கும்போது இவை செய்யும் முக்கிய வேலை, முழங்காலை மடங்கவிடாமல் பிடிப்பது. குதிகால் தரையைத் தொட்டதும் உடல் எடை அந்தக் காலில் இறங்குகிறது. முழங்கால் மடங்கப் பார்க்கிறது. 15, 20 டிகிரி வரை விட்டுக்கொடுத்து, அதற்கு மேல் போகாமல் குவாட்ரிசெப்ஸ் பிரேக் போடுகிறது. ஒவ்வொரு அடியிலும் இது நடக்கிறது. நடப்பவருக்குத் தெரிவதேயில்லை. மாடிப்படியில் இறங்கும்போது பிரேக்கை இன்னும் நீண்ட நேரம் பிடிக்க வேண்டும். முழங்கால் பலவீனமானவர்கள் ஏறுவதைவிட இறங்குவதற்கே அதிகம் பயப்படுவது இதனால்தான்.

பிரேக் இல்லாதவர் என்ன செய்வார்? உடலை முன்னால் சாய்ப்பார். எடை இறங்கும் கோடு முழங்காலுக்கு முன்னால் விழுந்துவிட்டால், அதே எடை முழங்காலை மடக்குவதற்குப் பதிலாகப் பின்னால் தள்ளிப் பூட்டுகிறது. பிட்டத்தில் உள்ள பெரிய தசையான குளூட்டியஸ் மாக்ஸிமஸ் தொடையைப் பின்னால் இழுத்து உதவுகிறது. ஆடுசதையின் உள்ளடுக்கில் இருக்கும் சோலியஸ் கீழ்க்கால் எலும்பைப் பின்னால் இழுத்து இன்னொரு பக்கம் முட்டுக்கொடுக்கிறது. இவையும் போதாதபோது, அல்லது இவையும் பலவீனமாக இருக்கும்போது, கை வருகிறது. யாரும் சொல்லிக்கொடுத்த உத்தி அல்ல இது. விழுந்து விழுந்து எழுந்த ஒரு குழந்தை தானாகவே கண்டுபிடித்தது.

இத்தனைக்கும் அந்தத் தொடைத் தசையில் நோய் எதுவும் இருந்ததில்லை. போலியோ வைரஸ் வாய் வழியாக நுழைந்து குடலில் பெருகுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு சாதாரணக் காய்ச்சலோடு, பல சமயம் அதுவும் இல்லாமல், போய்விடுகிறது. சுமார் 200 பேரில் ஒருவருக்கு மட்டும் அது முதுகுத் தண்டுவடத்தின் முன்பகுதிக்குப் போய், தசைகளுக்கு உத்தரவு அனுப்பும் நரம்பு உயிரணுக்களைக் கொன்றுவிடுகிறது. உத்தரவு வராத தசை சும்மா கிடந்து மெலிகிறது. உணர்ச்சி நரம்புகளை வைரஸ் தொடுவதில்லை. எனவே அந்தக் காலில் சூடு தெரியும், முள் குத்தினால் தெரியும். அசைக்க மட்டும் முடியாது.

‘காய்ச்சலுக்கு ஊசி போட்டார்கள், கால் போய்விட்டது’ என்று ஆயிரக்கணக்கான தாய்மார்கள் சொல்லியிருக்கிறார்கள். அறியாமை என்று டாக்டர்கள் பலர் ஒதுக்கினார்கள். அந்தத் தாய்மார்கள் சொன்னதில் விஷயம் இருந்தது. வைரஸ் உடலில் இருக்கும் நாட்களில் தசையில் போடப்படும் ஊசி, அதே காலில் வாதத்தைத் தூண்டிவிடக்கூடும் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. எந்தக் காய்ச்சலுக்கும் தொடையிலோ பிட்டத்திலோ ஊசி என்ற நம் ஊர் வைத்திய வழக்கத்துக்குப் பல கால்கள் பலியாயின.

ஒரு தசை செயலிழந்தால் நஷ்டம் அதோடு நிற்பதில்லை. எதிர்த்தசை இழுத்துக்கொண்டே இருக்கும். தொடையின் பின்புறத் தசைகள் இழுக்க முழங்கால் மடங்கிப்போகும். ஆடுசதை இழுக்கப் பாதம் குதிரைக் குளம்புபோலக் கீழ்நோக்கி நிற்கும். பிள்ளை தவழ்ந்தே வளர்ந்தால் இடுப்பும் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். காலும் சரியாக வளராது. இப்படி இறுகிப்போன கால்களை நீட்டி நிறுத்துவதையே வேலையாகக் கொண்ட வார்டு ஒன்று தில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் மருத்துவமனையில் இருந்தது. எலும்பு அறுவை நிபுணர் மாத்யூ வர்கீஸ் பல ஆண்டுகள் அதை நடத்தினார். உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் தவழ்ந்து வந்தவர்கள் ஆபரேஷன், மாவுக்கட்டு, காலிபர் என்று ஒவ்வொரு கட்டமாகத் தாண்டி, நின்றபடி ஊர் திரும்பினார்கள்.

கோணலாக இருப்பதையெல்லாம் நேராக்குவதுதான் இந்த வைத்தியம் என்று நினைத்தால் ஆபத்து. கீழ்நோக்கி நிற்கும் பாதத்தையே எடுத்துக்கொள்ளலாம். பார்க்க விகாரம்தான். ஆடுசதை நாணைச் சற்று நீட்டிவிட்டால் பாதம் தட்டையாக ஊன்றும், பெற்றோருக்கும் திருப்தி. ஆனால் அந்தப் பிள்ளைக்குக் குவாட்ரிசெப்ஸ் இல்லையென்றால் கதை வேறு. முன்பாதம் முதலில் தரையில் பட்டு ஊன்றுவதால்தான் முழங்கால் பின்னால் தள்ளப்பட்டு நிற்கிறது. அதைச் சரிசெய்த மறுநாள் முழங்கால் மடங்கும். நேற்றுவரை நொண்டியாவது நடந்த பிள்ளை இன்று விழும். சற்றே பின்புறம் வளைந்த முழங்காலும் இப்படித்தான். குறை போலத் தெரிந்தாலும் அது ஒரு பூட்டு. எதைத் தொடாமல் விடுவது என்று தெரிந்த அறுவை நிபுணர்தான் இந்தத் துறையில் நல்ல நிபுணர்.

அதனால் கத்தியை எடுக்கும் முன் தசை தசையாக மார்க் போட்டார்கள். அசைவே இல்லை என்றால் 0. புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க முடிந்தால் 3. முழு பலம் 5. காலின் ஒவ்வொரு தசைக்கும் இப்படி ஒரு எண். மிஞ்சியிருக்கும் பலமான தசையை இடம் மாற்றிக் கட்டுவதற்கு இந்தப் பட்டியல்தான் ஆதாரம். தொடையின் பின்புறத்திலிருந்து வெளிப்பக்கம் ஒன்று, உட்பக்கம் ஒன்று என இரண்டு தசைகளின் நாண்களை எடுத்து, முன்னால் கொண்டுவந்து முழங்கால் சில்லில் தைப்பார்கள். மடக்கிக்கொண்டிருந்தவை நீட்டத் தொடங்கும். இடம் மாறும் தசை ஒரு மார்க் பலத்தை இழக்கும் என்பது கணக்கு. எனவே 4க்குக் குறைந்ததை மாற்றிப் பயனில்லை.

இந்த மாற்று வேலைக்கு இந்தியாவில் இன்னொரு பாரம்பரியமும் உண்டு. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்க எலும்பைச் சுற்றிச் செல்லும் நரம்பைத் தொழுநோய் தாக்கினால் பாதத்தைத் தூக்க முடியாது; தொங்கும். அவர் கால்விரல் தரையில் இடறாமலிருக்க முழங்காலை உயரத் தூக்கி வைத்து நடப்பார். வேலூரிலும் பக்கத்திலுள்ள கரிகிரியிலும், கீழ்க்காலின் பின்புறம் ஆழத்தில் இருக்கும் டிபியாலிஸ் போஸ்டீரியர் என்ற தசையின் நாணைப் பாதத்தின் மேல்பக்கத்துக்குத் திருப்பி இதைச் சரிசெய்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகுதான் கஷ்டமான பகுதி. பாதத்தை உள்ளே திருப்ப நினைத்தால் அது மேலே எழும்பும். மூளைக்குப் புதிய பழக்கம் வரும்வரை வாரக்கணக்கில் பயிற்சி.

இடுப்புத் தசைகளின் அருமை தெரிய வேண்டுமானால் நம் வீடுகளைப் பார்க்க வேண்டும். சமதரையில் நடக்கும்போது குளூட்டியஸ் மாக்ஸிமஸுக்குப் பெரிய வேலை இல்லை. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுவதற்கும், இந்தியக் கழிப்பறையில் குந்தி எழுவதற்கும் அது வேண்டும். மேல்நாட்டில் நாற்காலியை விட்டு இறங்காமல் காலம் தள்ளிவிடலாம், கிராமத்தில் முடியாது. அதன் பக்கத்திலுள்ள குளூட்டியஸ் மீடியஸ் சத்தமில்லாத உழைப்பாளி. ஒரு காலைத் தூக்கும்போது அந்தப் பக்க இடுப்பு சரியாமல், ஊன்றிய காலின் பக்கமிருந்து பிடித்துக்கொள்வது அதுதான். அது போய்விட்டால் ஒவ்வொரு அடிக்கும் உடல் பக்கவாட்டில் சாயும்.

1990களின் தொடக்கத்தில்கூட நாட்டில் தினமும் நூற்றுக்கணக்கான குழந்தைகள் இந்த வைரஸால் முடமானார்கள். 1995இல் பல்ஸ் போலியோ நாடு முழுவதும் தொடங்கியது. அப்படியும் 2009இல் 741 பேர் பாதிக்கப்பட்டார்கள். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு குழந்தையோடு அது நின்றது. 2014 மார்ச் 27 அன்று சான்றிதழ் வந்தது. கொண்டாட வேண்டிய சாதனைதான். ஆனால் புதிய நோயாளிகள் வராததால் இந்தக் கால்களைப் படிக்கும் டாக்டர்களும் குறைந்துவிட்டார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நடமாட்டக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 54 லட்சம். இவர்களில் போலியோவால் பாதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று அந்தக் கணக்கு பிரித்துச் சொல்லவில்லை.

இவர்களுக்கு இப்போது இரண்டாவது சோதனை. வைரஸ் கொல்லாமல் விட்ட நரம்பு உயிரணுக்கள், அநாதையான தசை இழைகளுக்குப் புதிய கிளைகளை அனுப்பித் தத்தெடுத்துக்கொண்டன. நோய் வந்த சில மாதங்களில் கால் கொஞ்சம் தேறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒரு உயிரணு பல உயிரணுக்களின் குடும்பத்தைச் சுமந்தபடி முப்பது, நாற்பது வருடம் ஓடுகிறது. பிறகு தளர்கிறது. தத்தெடுத்த இழைகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்படுகின்றன. நல்ல கால் என்று நம்பியிருந்த காலிலும் புதிதாகப் பலவீனம், அசதி, வலி. போலியோவுக்குப் பிந்தைய நோய்க்குறி என்று இதற்குப் பெயர். இதைக் கேள்விப்படாத டாக்டர், ‘உடற்பயிற்சி போதவில்லை, இன்னும் நடங்கள்’ என்பார். அளவுக்கு மீறி உழைத்தால் தளர்ந்த தசை இன்னும் தளரும் என்பதுதான் இதில் சிக்கல். ‘முயற்சி செய், காலிபர் இல்லாமல் நட’ என்று சிறுவயதில் கேட்டு வளர்ந்தவர்களிடம், ஐம்பது வயதில் நேர்மாறாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: இடையிடையே ஓய்வு எடுங்கள், பயிற்சியை அளவோடு செய்யுங்கள், தூரம் போக வண்டி வைத்துக்கொள்ளுங்கள், காலிபரை மறுபடி மாட்டுங்கள்.

பலருக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் கசக்கிறது. இரும்பும் தோலும் பூட்ஸுமாகப் பள்ளி நாட்களில் சுமந்து, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் சமயத்தில் கழற்றிப் பரணில் எறிந்த சாமான் அது. இப்போது எடை குறைந்த பிளாஸ்டிக்கில் பேண்டுக்குள் மறையும்படி செய்கிறார்கள். கான்பூரில் உள்ள அரசு நிறுவனமான அலிம்கோவும், ஜெய்ப்பூர் காலுக்குப் பேர்போன பகவான் மகாவீர் விக்லாங் சஹாயதா சமிதியும் காலிபர்களைத் தயாரித்துத் தருகின்றன. அளவெடுத்து மாட்டி, முழங்கால் பூட்டு ‘டக்’கென்று விழுந்ததும் எழுந்து நிற்கச் சொல்வார்கள். பழக்க தோஷத்தில் கை மட்டும் இன்னும் சில நாட்களுக்குத் தொடையைத் தேடிப் போகும்.