போதைநோய் மருத்துவத்துக்குக் கொடை: யாரை நாடுவது, எவ்வாறு கேட்பது?

குழந்தையின் இதய அறுவைச் சிகிச்சைக்கு உதவி வேண்டினால், முன்பின் அறியாதவர்களும் மனமிரங்குகின்றனர். மதுவுக்கோ போதை மருந்துக்கோ ஆட்பட்ட ஒருவருக்காகக் கேட்கும்போது, "தானே தேடிக்கொண்டதுதானே" என்னும் சொல் குறுக்கே வருகிறது. உங்களில் பலர் அதை உறவினர் வாயிலாகவே கேட்டிருப்பீர்கள். சர்க்கரை நோயைப் போல இதுவும் நீடித்திருப்பது. மீண்டும் தலைதூக்கக் கூடியது. முறையான மருத்துவத்தால் கட்டுக்குள் வருவது. கொடையாளர் முன் நாம் முதலில் எடுத்துரைக்க வேண்டியது இதுவே.

எதற்காகக் கேட்கிறோம்?

உடலிலிருந்து போதையின் பிடியை நீக்கும் முதற்கட்டச் சிகிச்சை சில வாரங்களில் முடிந்துவிடும். அதன்பின் ஆலோசனை, மருந்து, குடும்பத்தாருக்கு வழிகாட்டல் ஆகியவை மாதக்கணக்கில் தேவைப்படுகின்றன. நோய் திரும்பும் ஆபத்து மிகுந்த காலமும் அதுவே. நிதி குன்றும்போது அறுபடக் கூடாதது இந்தத் தொடர்கவனிப்பு.

ஆய்வுக்கும் பொருள் வேண்டும். மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைநோய் மையம் நடத்தி, 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு, மதுவினால் ஏறத்தாழ 5.7 கோடிப் பேரும், அபினி வகைப் பொருள்களால் ஏறத்தாழ 77 லட்சம் பேரும் உதவி தேவைப்படும் நிலையில் இருப்பதாகக் கணித்தது. இத்தகைய எண்ணிக்கை கையில் இருந்தால்தான், கூடுதல் படுக்கைகளும் மருந்துகளும் வேண்டுமென அரசிடம் வலியுறுத்த முடியும். அவ்வாறு வலியுறுத்துவதே கொள்கைப் பணி. அதன் பயன் ஓராண்டில் தெரிவதில்லை; ஒளிப்படத்திலும் அடங்குவதில்லை. ஆகவே அதற்கு நீண்டகாலப் பொறுமையுள்ள கொடையாளர்களையே நாட வேண்டும்.

யாரிடம் கேட்பது?

அரசு: மத்திய சமூகநீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம், தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்களுக்கு நிதியுதவி அளிக்கிறது. சிகிச்சைக்காகக் கடன் வாங்குவதற்கு முன், 14446 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணை அழைத்து, உங்கள் பகுதியில் எத்தகைய உதவி கிடைக்கும் எனக் கேட்டறியுங்கள். மேலும், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் ஒரு தேசிய நிதியம் உள்ளது. கடத்தல்காரர்களிடம் பறிமுதலான சொத்துகளை விற்ற தொகையும், தனியார் வழங்கும் கொடையும் அதில் சேரும். சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் அதிலிருந்து செலவிடச் சட்டம் இடமளிக்கிறது.

நிறுவனங்கள்: 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, நிகர இலாபம் 5 கோடி ரூபாயை எட்டும் நிறுவனங்கள் போன்றவை, முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். மருத்துவமும் நோய்த்தடுப்பும் அப்பணிகளில் அடங்கும். இந்நிதி பெரும்பாலும் அமைப்புகளின் திட்டங்களுக்கே கிடைக்கிறது. ஆகவே மருத்துவமனையோ மறுவாழ்வு மையமோ திட்டம் வகுத்துக் கேட்பதே பொருத்தம்.

அறக்கட்டளைகள்: குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980-இல் சென்னையில் அவர் பெயரிலேயே டி.டி. ரங்கநாதன் கிளினிக்கல் ரிசர்ச் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார். சிகிச்சையோடு ஆய்வையும் பெயரிலேயே தாங்கிய அமைப்பு அது. இந்நோயின் துயரை வீட்டில் கண்டவர்கள் கொடையாளர்களாகவும் அமைப்பாளர்களாகவும் மாறுவது பல நாடுகளிலும் காணப்படுவதே. வெளிநாட்டு அறக்கட்டளைகளிடம் பொருள் பெறும் இந்திய அமைப்பு, 2010-ஆம் ஆண்டின் அயல்நாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும்.

எவ்வாறு கேட்பது?

"போதையற்ற உலகம் படைக்க உதவுங்கள்" என்று பொதுவாக வேண்டுவதைவிட, "முப்பது நோயாளிகள் ஆறு மாதம் ஆலோசனைக்கு வந்துபோகும் பேருந்துக் கட்டணம்" எனக் குறிப்பாகக் கேட்பது நன்று. கொடுப்பவருக்கும் கணக்கு விளங்கும். பெறுபவருக்கும் பொறுப்பு விளங்கும். உதவி தர முன்வருபவர், ஆய்வின் முடிவால் ஆதாயம் பெறுபவரா என்பதையும் பார்க்க வேண்டும். மது விற்பவர் பொருளில் நடக்கும் மது ஆய்வை மக்கள் எளிதில் நம்பமாட்டார்கள்.

நீங்களே கொடை அளிப்பதாயினும், திரட்டுவதாயினும், அமைப்பின் பதிவுச் சான்றையும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கையும் கேளுங்கள். தொகையைத் தனிநபர் வங்கிக் கணக்கில் செலுத்தாமல், அமைப்பின் கணக்கிலேயே செலுத்தி இரசீது பெறுங்கள்.

உங்கள் கதை உங்களுடையது

கொடையாளருக்குக் காட்ட வேண்டுமென நோயாளியின் படத்தையும் வரலாற்றையும் சிலர் கேட்பதுண்டு. மது, போதைப் பழக்கம் சார்ந்த மனநிலைகளையும் உள்ளடக்கிய 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம், நோயாளியின் விவரங்களை மறைவாகக் காக்கும் உரிமையை அளிக்கிறது. அவர் ஒப்புதலின்றிப் படத்தையோ செய்தியையோ ஊடகங்களுக்குத் தருவதையும் தடுக்கிறது. நன்றியுணர்வால் உடனே தலையசைக்க வேண்டாம். மகளின் திருமணத்தையும் மகனின் வேலையையும் நினைத்துப் பார்த்து முடிவெடுங்கள். பெயரும் ஊரும் இன்றியும் பட்டறிவைப் பகிரலாம். மறுப்பதனால் ஒருவருடைய சிகிச்சை எவ்வகையிலும் குறையக் கூடாது என்பதே எங்கள் நிலைப்பாடு.

பரிசு பெற்ற பாணன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனுக்கு வள்ளலின் ஊரைக் காட்டுவதை ஆற்றுப்படை என்றனர் நம் முன்னோர். சிகிச்சையால் நலம் பெற்ற குடும்பம், இன்று வாயிலில் தயங்கி நிற்கும் குடும்பத்துக்கு எந்தக் கதவைத் தட்டலாம் எனச் சொல்வதும் அதுவே. மேற்கண்ட விவரங்களைத் தேவைப்படுவோருக்குத் தெரிவியுங்கள்.