படகுக்கு வெளியே

இங்கே மான்மவுத் ஜங்ஷனில் என்னோடு வேலை பார்க்கும் டச்சுக்காரர் ஒருவர், புதிய குழுவில் தம்மைச் சேர்க்காததைச் சொல்லி, "பாய்டன் டெ போட் ஃபாலன்" என்றார். படகுக்கு வெளியே விழுவது என்று பொருள். எல்லோருக்கும் கிடைத்தது ஒருவருக்கு மட்டும் கிடைக்காவிட்டால் அப்படிச் சொல்வார்களாம். கடலை நம்பிப் பிழைத்த நாடு அல்லவா!

"தமிழில் எப்படி?" என்றார். "ஒதுக்கி வைத்தார்கள், தள்ளி வைத்தார்கள்" என்றேன். அப்போதுதான் வித்தியாசம் உறைத்தது. படகிலிருந்து விழுபவர் தானாக விழுகிறார். தமிழிலோ, தள்ளியவர்களும் வாக்கியத்துக்குள் நிற்கிறார்கள்.

அடுத்து அவர் சொன்ன சொல் 'பாரியா'. சமூகம் சேர்த்துக்கொள்ளாதவர் என்று பொருள், ஆங்கிலத்திலும் உண்டு. அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பறையர் என்னும் நம் மக்களின் பெயர் அது. போர்த்துகீசியர் வழியாக ஐரோப்பா போனது. டச்சுக்காரர்களும் 1613-ல் பழவேற்காட்டில் கோட்டை கட்டியவர்கள். அங்கே பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸின் நூல் 1651-ல் லெய்டனில் வெளிவந்து, நம் சாதி வழக்கங்களை அங்குள்ளோருக்கு விவரித்தது.

அவர்களைக் கோபிக்க முடியவில்லை. ஊர் வேறு, சேரி வேறு என்று கோடு போட்டவர்கள் நாம்; வந்தவர்கள் கண்டதை எழுதினார்கள். இன்று ஆங்கிலம் பேசும்போது அந்தச் சொல்லை யோசிக்காமல் ஆள்கிறோம். ஒரு சமூகத்தின் பெயரே வசையாகிறது. நானும் ஆண்டவன்தான். இனி மாட்டேன்.