லாரியில் இடம் இருக்கிறது, ஏற்றலாமா?

மரக்காணம் வழியாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்று பாருங்கள். உப்பளத்திலிருந்து ஒரு லாரி வருகிறது. அதன் பெட்டியில் பாதி உயரம்கூட நிரம்பவில்லை. பின்னால் சவுக்குக் கட்டைகளை வானளாவ அடுக்கிக்கொண்டு இன்னொரு லாரி வருகிறது. இவற்றில் எதற்குப் பாரம் அதிகம்? கண்ணை நம்பினால் ஏமாந்துபோவோம். கணக்குப் போட்டே பார்ப்போம்.

ஒவ்வொரு லாரியின் பதிவுச் சான்றிலும் இரண்டு எடைகள் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்று, லாரியின் வெற்று எடை. மற்றொன்று, சுமையோடு அது இருக்கக்கூடிய மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் கிடைப்பதே சுமைத்திறன். இரண்டு அச்சுகளும் ஆறு சக்கரங்களும் கொண்ட லாரிக்கு 16.2 டன்னாக இருந்த மொத்த எடை வரம்பு, 2018ஆம் ஆண்டில் 18.5 டன்னாக உயர்த்தப்பட்டது. வெற்று எடை 7 டன் என்று கொண்டால், அது சுமக்கக்கூடியது 11.5 டன்.

பெட்டியின் தளம் 5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் என்போம். அதாவது 10 சதுர மீட்டர். கொட்டிய உப்பு ஒரு கனமீட்டர் ஏறக்குறைய 1.2 டன் இருக்கும். எனவே 1 மீட்டர் உயரம் கொட்டினாலே 12 டன்! வரம்பு தாண்டிவிட்டது.

சவுக்கின் கதை வேறு. பச்சை மரத்தில் நீர் நிறைந்திருப்பதால் ஒரு கனமீட்டர் சுமார் 1 டன் இருக்கும். ஆனால் உருண்டைக் கட்டைகளை அடுக்கும்போது இடையிடையே காற்று புகுந்துகொள்கிறது. அடுக்கின் பருமனில் மரம் 65 விழுக்காடு என்று கொண்டால், 1 மீட்டர் உயரத்துக்கு 6.5 டன்தான். சுமார் 1.75 மீட்டர் உயரம்வரை ஏற்றலாம். இரண்டரை மீட்டர் அடுக்கினாலோ 16 டன்னுக்கும் மேலாகிவிடும். அதே கட்டைகள் சில வாரங்கள் காய்ந்தால் நீர் வெளியேறி எடை குறையும்.

அதிகப் பாரத்தால் என்ன கேடு? முதலாவது, பிரேக். ஒரே வேகத்தில் எடை ஒன்றரை மடங்கானால் இயக்க ஆற்றலும் ஒன்றரை மடங்காகும். அவ்வளவையும் பிரேக் வெப்பமாக மாற்றியாக வேண்டும். இரண்டாவது, உயரம். அடுக்கு உயர உயர ஈர்ப்பு மையமும் மேலேறும். வளைவில் லாரி கவிழ்வது எளிதாகும். மூன்றாவது, சாலை. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை மாதக்கணக்கில் ஓட்டிச் செய்த சோதனை, அச்சின் பாரத்தின் நான்காம் அடுக்கை ஒட்டியே சாலை சேதம் உயர்கிறது என்று காட்டியது. அதாவது, அச்சின் பாரம் ஒன்றரை மடங்கானால் சேதம் ஏறக்குறைய ஐந்து மடங்கு!

இந்தக் கணக்கு புயல் நாள்களில் உயிர்காக்கும். 2020 நவம்பரில் நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. இத்தகைய புயலில் 80 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள சாலையோர மரமொன்று விழுந்ததாகக் கொள்வோம். அதிலிருந்து 4 மீட்டர் நீளத் துண்டு ஒன்றை அறுத்தால் அதன் பருமன் 2 கனமீட்டர். எடை சுமார் 2 டன். முக்கால் டன் சுமக்கும் சிறு சரக்கு வண்டியில் அதற்கு இடம் இருக்கலாம். ஆனால் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியலாம். மாறாக, இலையும் கிளையுமாக வெட்டிய குப்பையோ பெட்டியை நிரப்பினாலும் எடை குறைவாகவே இருக்கும். அதற்குத் தேவை உயரமான பெட்டி. அடிமரத்துக்குத் தேவை வலுவான அச்சு.

ஆகவே, மர வேலைக்கு லாரி தேடுவோர் முதலில் கேட்க வேண்டியது, "பெட்டி எவ்வளவு பெரிது?" என்பதன்று, "எத்தனை டன் தாங்கும்?" என்பதே. ஐயமிருந்தால் எடைமேடை இருக்கிறது.

மாணவர்களே! உங்கள் பள்ளி மரத்தின் சுற்றளவை நூலால் அளந்து, அதன் அடிமரம் எத்தனை டன் என்று கணக்கிட்டுப் பாருங்கள். விடை உங்களை வியக்க வைக்கும்.