பெயரிழந்த குடும்பம்

வேழம் என்னும் சொல் யானையையும் குறிக்கும், மூங்கிலையும் குறிக்கும். அரி என்பது சிங்கத்துக்கும் பெயர், குரங்குக்கும் பெயர். இத்தகைய சொற்களுக்கென ஒருசொல் பல்பொருள் பெயர்த்தொகுதி என்று நிகண்டு நூலார் தனித் தொகுதியே வகுத்தனர். சிலேடை பாடிய புலவர்க்கு இவையே மூலதனம். மொழிக்குச் செல்வமான இப்பண்பு விலங்கியலுக்குக் குற்றமாகும். அக்குற்றத்தின் பொருட்டு ஒரு சிற்றுயிர்க் குடும்பம் நூற்று முப்பது ஆண்டுகள் தாங்கிநின்ற பெயரை இழந்தது. அவ்வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

சிலந்தியென்று பலரும் மயங்கும் உயிர்களுள் ஓப்பிலியோனிஸ் என்பது ஒரு வரிசை. இலத்தீன் மொழியில் ஆயன் எனப் பொருள்படும் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. ஆங்கிலேயரோ இவற்றை 'அறுவடைக்காரர்' என்பர். நாமும் அறுவடையர் என்றே வழங்குவோம். எட்டுக் கால்கள் இருப்பினும் இவை சிலந்திகள் அல்ல. சிலந்தியின் உடல் நடுவில் ஒடுங்கி, மெல்லிய காம்பு போன்ற இடையைப் பெற்றிருக்கும். அறுவடையர்க்கு அத்தகைய இடை இல்லை, உடல் ஒரே திரட்சியாய் அமைந்திருக்கும். நூல் நூற்கும் சுரப்பி இல்லை. நஞ்சுச் சுரப்பியும் இல்லை. சிலந்தி தன் இரையை நீராக்கி உறிஞ்சும். அறுவடையரோ சிறு துணுக்குகளாகவே விழுங்க வல்லன. இவ்வரிசையில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பகுதி லானியேட்டோரிஸ் என்னும் துணைவரிசையைச் சார்ந்தது. வெப்பமண்டலக் காடுகளே இத்துணைவரிசையின் முதன்மையான இருப்பிடம்.

நாம் எடுத்துக்கொண்ட குடும்பமும் இதனுள் அடங்குவதே. நேபாள இமயச் சாரல், மலாயாத் தீபகற்பம், சுமத்திரா, போர்னியோ, பிலிப்பைன்ஸ் தீவுகள் எனப் பரந்த நிலப்பரப்பில், காட்டுச் சருகுக்கிடையில் இவ்வுயிர்கள் வாழ்கின்றன. அறுவடையர் என்றவுடன் நெடுங்கால்களை எண்ணுவோர் இவற்றைக் கண்டால் ஏமாறுவர். சில மில்லிமீட்டர் அளவே உடைய சிற்றுடல், குறுகிய கால்கள், முதுகுத் தகடுகள் யாவும் ஒன்றோடொன்று இணைந்து ஒரே கேடயமாய் இறுகிய தோற்றம். வண்டோ உண்ணியோ என ஐயுறத் தோன்றும்.

சுவீடன் நாட்டு அறிஞர் தோரெல் 1876ஆம் ஆண்டில் ஓன்கோபஸ் என்னும் பேரினத்தை நிறுவி, அதன் அடியாக ஓன்கோபோடிடே என்று குடும்பத்துக்கும் பெயரிட்டார். இறுகிய கேடயமும் குறுங்கால்களும் பின்வந்தோரைத் திகைக்க வைத்தன. ஏனைய லானியேட்டோரிஸ் உயிர்களோடு இவற்றை எவ்வாறு சேர்ப்பது? 1961இல் செக் நாட்டு அறிஞர் சில்ஹவி அத்துணைவரிசையை இரண்டாகப் பகுத்தபொழுது, இந்த ஒரு குடும்பத்துக்கென்றே ஒரு பிரிவை ஒதுக்கினார். புறத்தோற்றத்தை நோக்கினால் அது பிழையெனத் தோன்றாது. அக்காலத்து வகைப்பாட்டில் காலடிக் கணுக்களின் எண்ணிக்கை, முதுகின் முள் அமைப்பு ஆகியவற்றுக்கே பெருமதிப்பு இருந்தது. 1923இல் பெருநூல் வெளியிட்ட செருமானியர் ரோவரின் முறையும் அதுவே. எண்ணுவது எளிது; ஆனால் நெருங்கிய உறவினங்களிடையேயும் அவ்வெண்கள் வேறுபடும் என்பது பின்னரே தெளிவாயிற்று. இனப்பெருக்க உறுப்புகளின் நுண்ணமைப்பை ஆராயும் முறை வலுப்பெற்ற பின்பு உறவுகள் வேறுவகையாகப் புலப்பட்டன. 2009இல் சர்மா, சிரிபே ஆகிய இருவரும் எட்டு மூலக்கூற்றுக் குறியீடுகளைக் கொண்டு இக்குடும்பத்தின் கால்வழியை ஆய்ந்தனர். இன்று இதனைக் கிராசேட்டோரிஸ் என்னும் பெரும்பிரிவினுள் பிற குடும்பங்களோடு ஒன்றாக வைப்பர். தனித்து நின்றது சுற்றத்தோடு சேர்ந்துவிட்டது.

இது அறிவு வளர்ந்ததால் நேர்ந்த மாற்றம். பெயர் மாறியதோ முற்றிலும் வேறு காரணத்தால். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு, அறிவியலார் நாளுக்கொரு பெயர் சூட்டுகின்றனர் என்று குறைகூறுவோரை நாம் கண்டதுண்டு. விலங்குகளுக்குப் பெயரிடும் பன்னாட்டு விதிகளின்படி, ஒரு பேரினத்தின் பெயர் வேறொரு விலங்குப் பேரினத்துக்கு வழங்கலாகாது. முன்னது நிற்கும், பின்னது விழும். வேழம் யானைக்கும் மூங்கிலுக்கும் பெயராவதை இவ்விதி தடுக்காது. ஏனெனில் பயிர்களின் பெயர்விதி தனி. அரி என்னும் பெயர்தான் இங்கே அகப்பட்டுக்கொள்ளும். ஓன்கோபஸ் என்பதும் அவ்வாறே அகப்பட்டது. தோரெலுக்கு முன்பே அப்பெயர் வேறொரு விலங்குப் பேரினத்துக்கு இடப்பட்டிருந்தது. அடிப்படைப் பேரினத்தின் பெயர் வீழின் அதன்மேல் எழுந்த குடும்பப் பெயரும் வீழும். உயிரில் ஒரு மயிரிழையும் மாறவில்லை. பெயர் மட்டும் போயிற்று.

துருக்கியரான ஓஸ்தீக்மெனும் பிரேசில் நாட்டவரான குரியும் 2007இல் சூட்டிய புதுப்பெயர் சாண்டோகான். குடும்பம் சாண்டோகானிடே ஆயிற்று. சாண்டோகான் யார்? இத்தாலிய நாவலாசிரியர் எமிலியோ சல்காரி (1862–1911) படைத்த போர்னியோ இளவரசன். ஆட்சியை இழந்து ஆங்கிலேயரை எதிர்த்த கடற்கொள்ளையன். சல்காரி அக்கடலைக் கண்ணாலும் கண்டவரல்லர். 1976இல் இத்தாலியத் தொலைக்காட்சித் தொடரில் அவ்வேடம் பூண்டவர் நம் நாட்டு நடிகர் கபீர் பேடி. நன்னூலார் நெறியில் பார்த்தால் இதனை இடுகுறி எனத் தள்ளலாமா, காரணப்பெயர் எனக் கொள்ளலாமா? கதைத்தலைவன் உலவிய நிலமே இவ்வுயிர்கள் உலவும் நிலமாதலின் காரணம் ஓரளவு உண்டு என்பதே நம் கருத்து. கிராசேட்டோரிஸ் என்பதன் மூலமான இலத்தீன் சொல்லுக்கும் வழிப்பறிக்காரன் என்றே பொருள். கொள்ளையனுக்கு ஏற்ற இனம்தான்!

பழைய பெயர் முற்றும் அழிந்துவிடவும் இல்லை. கேனோன்கோபஸ், பையான்டோன்கோபஸ், பேலியோன்கோபஸ் எனும் பேரினப் பெயர்களின் ஈற்றில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. அவற்றை விதி தீண்டாது. முழுவடிவில் அவை வேறெந்த விலங்குக்கும் முன்னரே இடப்பட்டவை அல்லவே.