மாத்திரை சாப்பிடும் பிள்ளையும் ரமளான் நோன்பும்

மனச்சோர்வு நோய்க்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளைகள் சிலர், ரமளான் வந்ததும் தாமாகவே மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். "நோன்பு வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று வீட்டாரே சொல்வதும் உண்டு. இது ஆபத்தானது.

இந்த மாத்திரைகள் பலன் தரவே சில வாரங்கள் ஆகும். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, பதற்றம் வரலாம், நோயும் திரும்பலாம். லித்தியம் சாப்பிடுவோருக்கு உடலில் நீர் குறைந்தால், இரத்தத்தில் அதன் அளவு கூடி நஞ்சாகக்கூடும்.

எனவே ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பாருங்கள். பல மாத்திரைகளின் நேரத்தை ஸஹருக்கோ இஃப்தாருக்கோ அவர் மாற்றித் தர முடியும். நோன்பு கூடாது என்று அவர் சொன்னால், நோயாளி வேறு நாட்களில் நோற்க அல்லாஹ் சலுகை தந்துள்ளான் (அல்குர்ஆன் 2:184). நீங்காத நோய்க்கு ஃபித்யா உண்டு. உடல் நோய்க்குள்ள இச்சலுகை மன நோய்க்கும் பொருந்தும்.

மருந்து தேடுவது ஈமானின் குறைவு அல்ல. எல்லா நோய்க்கும் அல்லாஹ் நிவாரணம் வைத்திருப்பதை நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள் (புகாரி 5678). துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும்.

பகலில் சாப்பிடும் பிள்ளையிடம் "நோன்பு இல்லையா?" என்று உறவினர் முன் கேட்காதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம்.