தாம்சன் விதையில்லாத் திராட்சை

தாம்சன் விதையில்லாத் திராட்சை என்பது, பழமாக உண்பதற்கும் உலர்திராட்சை செய்வதற்கும் உலகின் பல நாடுகளில் பயிரிடப்படும் வெளிர்பச்சைத் திராட்சை வகையாகும். தை மாதம் தொடங்கி கோடை வரை திருச்சியின் பழக்கடைகளில் காணப்படும் விதையற்ற பச்சைத் திராட்சை பெரும்பாலும் இவ்வகையோ, இதிலிருந்து தோன்றிய வகைகளோதான். ஆனால் அவை இங்கு விளைந்தவை அல்ல. மகாராட்டிர மாநிலத்தின் நாசிக், சாங்கலி, சோலாப்பூர் பகுதிகளிலிருந்து லாரியில் வருகின்றன.

பெயர்

1872-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் வில்லியம் தாம்சன் என்ற விவசாயி ஒரு நாற்றுப்பண்ணையிலிருந்து குச்சிகளை வரவழைத்து நட்டார். அங்கு அவர் பெயரே இவ்வகைக்கு நிலைத்தது. உண்மையில் இது மேற்காசியாவின் பழைய வகை. துருக்கிப் பகுதியில் சுல்தானா என்றும், பாரசீகம் முதல் நடு ஆசியா வரை கிஷ்மிஷ் என்றும் வழங்கப்பட்டது. நாம் பாயசத்தில் போடும் கிஸ்மிஸ் பழத்தின் பெயரும் அச்சொல்லே.

விதை இல்லாமை

வாழையும் விதையற்ற கனிதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நாம் உண்ணும் வாழையில் கருவுறுதல் நிகழாமலேயே காய் பருக்கிறது. தாம்சன் திராட்சையிலோ மகரந்தச் சேர்க்கையும் கருவுறுதலும் நடைபெறுகின்றன. அதன்பின் கரு வளர்ச்சி பாதியில் நின்று சிதைந்துவிடுகிறது. பழத்தைக் குறுக்கே வெட்டினால் மென்மையான விதைத் தடம் சில வேளைகளில் தென்படும்.

இதனால் ஒரு குறை ஏற்படுகிறது. வளரும் விதைதான் ஜிப்ரலின் என்னும் வளர்ச்சி ஊக்கியைச் சுரந்து பழத்தைப் பருக்கச் செய்கிறது. விதை நின்றுபோனால் பழமும் சிறுத்துவிடும். உலர்திராட்சைக்கு இது பொருட்டல்ல. ஆனால் கடையில் கொத்தாக விற்கும் பழம் பெரிதாக இருக்க வேண்டும் என்று வாங்குபவர் எதிர்பார்க்கிறார். எனவே விதை செய்திருக்க வேண்டிய வேலையை விவசாயி செய்கிறார். ஜிப்ரலிக் அமிலத்தை முதலில் சிறிது ஆல்ககாலில் கரைத்து, பிறகு நீரில் கலந்து, பூப்பதற்கு முன் கொத்து நீள்வதற்காகத் தெளிக்கின்றனர். காய்கள் 3 முதல் 4 மி.மீ. பருமன் அடைந்ததும், பின்னர் மேலும் ஒருமுறையும், கொத்துகளைக் கரைசலில் நனைக்கின்றனர். அடர்ந்த கொத்திலிருந்து காய்களைக் கத்தரிக்கோலால் கலைத்தும் விடுகின்றனர். இதற்கெல்லாம் ஆள்கூலி அதிகம்.

சாகுபடி

விதை இல்லாததால் நாற்று குச்சியிலிருந்தே வர வேண்டும். இன்று டாக்ரிட்ஜ் போன்ற, வறட்சியையும் உப்புநீரையும் தாங்கும் வேர்ச்செடிகளில் ஒட்டுக்கட்டி நடுவது வழக்கம். ஒரே கொடியின் படிகளாக இருப்பதால் எல்லாத் தோட்டங்களும் ஒன்றுபோலவே இருக்கும் என்று நினைக்கலாம். ஆனால் கிளைகளில் இயற்கையாக ஏற்பட்ட மாற்றங்களை விவசாயிகளே கவனித்துப் பிரித்தெடுத்துள்ளனர். தாஸ்-ஏ-கணேஷ், சோனகா, மாணிக் சமன் ஆகியவை மகாராட்டிரத் தோட்டங்களில் இவ்வாறு கிடைத்த வகைகள்.

கவாத்து ஆண்டுக்கு இருமுறை செய்யப்படுகிறது, அறுவடை ஒருமுறை மட்டுமே. ஏப்ரல் வாக்கில் கிளைகளை ஒன்றிரண்டு கண்கள் மட்டும் விட்டு வெட்டுவர். அதிலிருந்து எழும் புதுக் கிளைகளின் கண்களுக்குள் கோடை வெயிலில் அடுத்த பருவத்துக்கான பூங்கொத்துகள் உருவாகின்றன. அக்டோபர் வாக்கில் காய்க் கவாத்து. தாம்சன் வகையில் கிளையின் அடிக்கண்கள் பெரும்பாலும் காய்ப்பதில்லை என்பதால் கிளையை நீளமாகவே விட வேண்டும். குட்டையாக வெட்டினால் இலை மட்டும்தான் மிஞ்சும். கண்கள் ஒரே சீராக விழிக்க ஹைட்ரஜன் சயனமைடு பூசப்படுகிறது. சுமார் நான்கு மாதங்களில் பழம் அறுவடைக்கு வருகிறது.

கண்களில் காய்ப்புத்திறனைக் கூட்டவும், கொடி மிதமிஞ்சி வளராமல் தடுக்கவும் குளோர்மெக்வாட் குளோரைடு என்ற வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்து ஏப்ரல் கவாத்துக்குப் பின் பயன்படுத்தப்பட்டு வந்தது. 2010-இல் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட இந்தியத் திராட்சையில் அதன் எச்சம் அனுமதித்த அளவுக்கு மேல் இருப்பது கண்டறியப்பட்டு, பல சரக்குகள் ஏற்கப்படாமல் ஏற்றுமதியாளரும் விவசாயிகளும் பெரும் இழப்பைச் சந்தித்தனர். ஏற்றுமதித் தோட்டங்களைப் பதிவுசெய்து எச்சங்களைச் சோதிக்கும் கிரேப்நெட் முறை 2006 முதலே இருந்தது; ஆனால் சோதனைப் பட்டியலில் அந்த மருந்து அப்போது இடம்பெற்றிருக்கவில்லை.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டின் திராட்சைக் களம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கு முதலிடம் விதையுள்ள கறுப்பு வகையான பன்னீர் திராட்சைக்கே; கம்பம் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. இதற்குக் காரணம் சுவை மட்டுமல்ல. மகாராட்டிரத்தில் காய்க் கவாத்துக்குப் பின் மழை ஓய்ந்து வறண்ட, மிதமான குளிர்காலம் வருகிறது. தமிழ்நாட்டில் அதே அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. பூக்கும் கொத்தில் ஈரம் தங்கினால் அடிச்சாம்பல் நோய் சில நாட்களிலேயே விளைச்சலை அழித்துவிடும். பழுக்கும்போது மழை பெய்தால் தோல் வெடிக்கும். பன்னீர் திராட்சையோ அடிக்கண்களிலும் காய்க்கும், கவாத்து நாளை மாற்றி மாற்றி வைத்து ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை எடுக்கலாம், ஜிப்ரலிக் அமிலத்தில் முக்கி எடுக்கும் செலவும் இல்லை. சிறு நிலத்தில் ஆண்டு முழுவதும் வருமானம் தேடும் கம்பம் விவசாயிக்கு விதை ஒரு குறையாகத் தெரியவில்லை.